இலையுதிர் காலத் தலைவலி

மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் அவளுக்கு 'அகராதி' என்று பெயர். பதினேழு வருடமாக அதே ஜன்னலோர மேசை.

ஒருநாள் பக்கத்து மேசைக்காரி ஒரு சுற்றுலா விளம்பரத்தை வைத்துக்கொண்டு முழித்தாள். "அக்கா, இங்கிலீஷ்ல ஆட்டம், ஃபால் ரெண்டும் இலையுதிர் காலம்தானே?"

"பருவம் ஒண்ணுதான். ஆட்டம்னா பருவம் மட்டும். அமெரிக்காக்காரங்க சொல்ற ஃபால்ல கீழே விழறதும் இருக்கு. பார்த்துப் போடு."

அன்று முழுக்க இருவரும் சிவந்த இலைகளோடு மல்லுக்கு நின்றார்கள்.

மறுநாள் ஒரு மருத்துவக் கோப்பு வந்தது. வெளிநாட்டில் பெயின்ட் வேலை பார்த்துத் திரும்பியவருடையது. 'ஃபால் முதல் தலைவலி' என்று அங்கத்திய டாக்டர் எழுதியிருந்தார். தேதி அக்டோபர் கடைசி. அகராதி யோசிக்கவே இல்லை. 'இலையுதிர் காலம் முதல் தலைவலி' என்று தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

உள்ளூர் டாக்டர் அதைப் படித்துவிட்டு, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மாத்திரை கொடுத்தார். பன்னிரண்டாம் நாள் பெயின்டர் கண் திறக்கவில்லை. மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தது.

ஒரு மாதம் கழித்து அவர் மனைவி அலுவலகத்துக்கு வந்தாள். கையில் அந்தத் தாள்.

"அங்க அவரோட தங்கியிருந்தவர் போன் பண்ணார். ஏணியிலேர்ந்து விழுந்தாராம். நாங்க பயப்படுவோம்னு எங்ககிட்ட மறைச்சிட்டார். இங்க நான் கூடவே இருந்ததால வாயைத் திறக்கலை. அங்க டாக்டர்கிட்டயாவது சொல்லியிருப்பாரே? இதுல எங்கேம்மா இருக்கு?"

அகராதி மூலத்தை எடுத்துப் பார்த்தாள். 'ஃபால்' என்ற சொல்லில் விரலை வைத்தாள்.

மேனேஜர் அவளைத் தனியே இழுத்து, "ரெண்டு அர்த்தமும் இருக்குல்ல? வாயைத் திறக்காதீங்க" என்றார்.

அவள் திரும்பி வந்து, "இருந்துச்சும்மா. நான்தான் தப்பா எழுதிட்டேன்" என்றாள்.

அந்தப் பெண் கத்தவில்லை. "சந்தேகமா இருந்தா ஒரு போன் போட்டிருக்கலாமே? மேலேயே அந்த டாக்டர் நம்பர் இருக்கே."

"சந்தேகமே வரலையேம்மா."

அந்தப் பெண் தாளை நாலாக மடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். ஒரு வசவாவது கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டிருக்கலாம் என்று அகராதி பிற்பாடு கணவனிடம் சொன்னாள்.

வேலையை விட்டாள். இப்போது ஒரு தையல் கடையில் பொத்தான் தைக்கிறாள். வீட்டுக்கு வரும் கடிதத்தைக்கூட கணவன்தான் படித்துச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும், "நல்லாப் பாத்தீங்களா? அதுதான் போட்டிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.