மைக் இல்லாத ஸ்டாண்டு

எங்க அண்ணன் ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டு வருவான்னு பாத்தா, வந்து இறங்கினது ஒரு மைக் செட்டு. பதினோரு வருஷமாச்சு, இன்னும் எங்க வீட்டு ஹால்ல ஸ்டாண்டுக் கால்களைத் தாண்டித்தான் நடக்கணும். ஒரு நாள் நான் தடுக்கி விழுந்து 'ஐயோ'ன்னு கத்தினப்போ, "ஸ்டாண்டுக்கு ஒண்ணும் ஆகலையே?"ன்னு கேட்ட புண்ணியவதி, மேடைக்கு மைக் செட்டு போடறதையே தொழிலா வச்சிருக்கற எங்க அண்ணி.

பாடற ஆள் எப்படி நிப்பாருன்னு பாக்காம அவங்க ஸ்டாண்டைத் தொட மாட்டாங்க. கிடார் வாசிச்சுக்கிட்டே பாடறவருக்கு நேர் ஸ்டாண்டு வச்சா கிடார் இடிக்கும். அதனால தள்ளி நின்னு குறுக்குக் கம்பி நீட்டற ஸ்டாண்டு. கம்பி நீளற பக்கம் ஒரு கால் இருக்கணும், இல்லேன்னா குப்புற விழும். மேடை பூரா ஓடறவருக்கு? "அவருக்கு ஸ்டாண்டு எதுக்கு, மைதானம் கொடுங்க"ம்பாங்க.

நான் மருந்துக் கடையில வேலை பாக்கறேன். லீவு நாள்ல ஒரு குழுவுல பாடறேன். கடையில பத்து பேர் ஒண்ணா கத்தினாலும் அசர மாட்டேன். மேடை ஏறினா மட்டும் கை வெடவெடன்னு ஆடும், ஸ்டாண்டைக் கெட்டியாப் பிடிச்சுக்குவேன். போன நிகழ்ச்சிக்கு வேற ஒருத்தரோட மைக் செட்டு. அந்த நடுக்கமும் வளையல் சத்தமும் ஸ்டாண்டு வழியா மைக்ல ஏறி ஸ்பீக்கர் கடகடன்னுச்சு. முன் வரிசையில ஒருத்தர் மழை வருதான்னு அண்ணாந்து பாத்தாரு. "அடுத்த தடவையும் இப்படின்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்"னுட்டாரு குழுவை நடத்தற கீபோர்டுக்காரர். வீட்டுக்கு வந்து ஓன்னு அழுதேன். பாட்டும் போச்சுன்னா எனக்கு என்ன மிச்சம்? இருமல் மருந்துதான்.

மறுநாளே அண்ணி என்னை ஹால்ல நிறுத்திப் பாட வச்சாங்க. மூணு கால் ஸ்டாண்டு வச்சா, நான் தாளம் போடறேன்னு அது காலையே மிதிச்சேன். கனமான வட்ட அடி வச்ச ஸ்டாண்டுல கால் பிரச்சனை தீந்துது, கை தீரலை.

"கையை எடுடி!"

"எடுத்தா குரல் போயிடுது அண்ணி!"

"எடுக்காட்டி மானம் போயிடுதே!"

அதுக்கப்புறம் ரெண்டு நாள் அண்ணி டேப்பும் கையுமா என் கை நீளத்தை அளந்துக்கிட்டே இருந்தாங்க. எதுக்குன்னு கேட்டா, "நீ பாட்டைப் பாரு"ன்னாங்க.

அடுத்த நிகழ்ச்சிக்கு அண்ணியோட செட்டுதான். மேடை ஏறிப் பாக்கறேன், என் கைக்கு எட்டாத தூரத்துல ஒரு ஸ்டாண்டு. அதோட குறுக்குக் கம்பி நீண்டு வந்து மைக்கை என் வாய்க்கு நேரா நிறுத்தியிருக்கு. பக்கத்துலயே வட்ட அடி ஸ்டாண்டு ஒண்ணு மொட்டையா நிக்குது.

"இதுல மைக் மாட்ட மறந்துட்டீங்களா அண்ணி?"

"அது பிடிச்சுக்கறதுக்கு. இஷ்டத்துக்கு ஆட்டிக்கோ."

"பாக்கறவங்க சிரிப்பாங்களே!"

"சிரிக்கறவங்களை எங்கிட்ட அனுப்பு."

பிடிச்சேன். கை ஆடுச்சு, வளையல் குலுங்குச்சு, ஸ்பீக்கர்ல ஒரு பொட்டுக் கடகடப்பு இல்லை. என் குரல் மட்டும் அந்தக் கூடம் பூரா போச்சு. எனக்கே அது என் குரல்தானான்னு சந்தேகம். ரெண்டாவது பாட்டுக்கு எழுந்த கைத்தட்டல் அடங்கறதுக்குள்ள கீபோர்டுக்காரர் என் பக்கம் சாஞ்சு, "அடுத்த மாசமும் தேதியை ஒதுக்கி வச்சுக்கம்மா"ன்னாரு.

எல்லாம் முடிஞ்சதும் கூடத்தோட கடைசியில, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கற மிக்ஸர் இருந்த மேஜைக்கு ஓடினேன். ஊரையே அதட்டற எங்க அண்ணி, வலது கையை மிக்ஸர் மேல வச்சுக்கிட்டு, இடது கையால இன்னொரு மொட்டை ஸ்டாண்டை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க.

"இது எதுக்கு அண்ணி?"

"நீ பாடறப்போ எனக்கு மட்டும் கை நடுங்காதாக்கும்!"