குன்று மண்

ஆய்வகத்தில் எல்லோரும் அவளை ‘மண்ணு மேடம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். களிமண்ணிலிருந்து ஜியோலைட் செய்வது அவள் வேலை. கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த அந்த வெள்ளைத் தூள், கழிவுநீரில் இருக்கும் ஈயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சொல்ல எளிது, செய்வதற்குள் உயிர் போய்விடும். களிமண்ணை உலையில் சுட்டு, காரக் கரைசலில் கலந்து, எஃகுக் குடுவையில் இறுக மூடிச் சூடாக்குவாள். திறந்தால் பெரும்பாலும் வேறு ஏதாவது படிகம் உட்கார்ந்திருக்கும். மண்ணில் ஒளிந்திருக்கும் மணலும் இரும்பும் காலை வாரிவிடும்.

ஒருமுறை அக்கா வீட்டுக்குப் போனபோது, பின்னாலிருந்த குன்றின் மண் பால்போல் வெளுத்திருப்பதைப் பார்த்து ஒரு பை அள்ளிக்கொண்டாள்.

“பலகாரம் கட்டிக் குடுத்தா வேணாங்கிற, மண்ணை அள்ளிட்டுப் போற. நல்லா இருக்குடி!” என்று அக்கா சிரித்தாள்.

அந்த மண் கைகொடுத்தது. செய்த தூளைச் சோதித்த எக்ஸ்ரே வரைபடத்தில் ஜியோலைட்டுக்கான முகடுகள் அத்தனையும் இருக்கவேண்டிய இடத்தில் ஊசிபோல் எழுந்து நின்றன. நுண்ணோக்கியில் கச்சிதமான குட்டிக் கனசதுரங்கள். பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனாள். மண் எடுத்த இடத்தையும் முறைப்படி குறிப்பிட்டுக் கட்டுரை எழுதினாள்.

கட்டுரை வெளிவந்த கொஞ்ச காலத்தில் ஒரு கம்பெனி அந்தக் குன்றைக் குத்தகைக்கு எடுத்தது. அக்கா வீட்டுச் சுவர் விரிசல் விட்டது. கிணறு வற்றியது. அத்தானுக்கு இருமல் நிற்கவேயில்லை. தோண்டிக்கொண்டே கொல்லைப்புறம் வரை வந்தவர்கள், வீட்டையும் காலி பண்ணச் சொன்னார்கள்.

அவள் கம்பெனி மேலாளரிடம் போய் நின்றாள்.

“இவ்வளவு தோண்டுறீங்களே, ஜியோலைட் எங்க செய்றீங்க?”

“அதெல்லாம் யாரு மேடம் செய்வா? மண்ணை அப்படியே டைல்ஸ் கம்பெனிக்கு அனுப்பிடுறோம். உங்க கட்டுரையப் பார்த்துதான் இங்க நல்ல மண்ணு இருக்குன்னே தெரிஞ்சுது. ரொம்ப தேங்க்ஸ்.”

அக்கா வீடு காலி செய்த அன்று, இவள் உதவிக்குப் போய்ப் பாத்திர மூட்டையைத் தூக்கப் போனாள்.

“நீ தொடாத,” என்றாள் அக்கா. “நீ வேணும்னு செய்யலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உன் முகத்தப் பார்க்க முடியல. போயிடு.”

பிறகு அதே கம்பெனி இன்னோர் ஊர் மண்ணை இவள் ஆய்வகத்துக்கே சோதனைக்கு அனுப்பியது. அருமையான மண். ‘எதற்கும் உதவாது’ என்று அறிக்கை எழுதினாள். துறைத்தலைவருக்குச் சந்தேகம். வேறோர் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தார், குட்டு வெளிப்பட்டது. அங்கேயும் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். இவளை இப்போது உலைப்பக்கமே விடுவதில்லை.

அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. இவள் போன் செய்தால் அவள் எடுப்பதில்லை.