தொள்ளாயிரம் காட்டிய வில்லை

சுசீலாபாய் பத்தொன்பது வருஷமாகப் பீங்கான் வில்லை அழுத்துகிறாள். திருவனந்தபுரம் கரமனையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த வேலை; ஒவ்வொரு ஜூன் முப்பதும் அது முடியும், யாராவது கையெழுத்துப் போட்டால் மறுபடி தொடங்கும். வெள்ளைப் பொடியை அச்சில் கொட்டி, சட்டைப் பொத்தான் அளவுக்கு அழுத்தி, உலையில் சுட்டுக் கொடுப்பாள். அது எவ்வளவு மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் என்று அளந்து, ஆய்வு மாணவர்கள் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு போவார்கள். இதுவரை பதினொரு பேர் போயாயிற்று. சுசீலாபாய் இன்னும் களியக்காவிளை பஸ்ஸில்தான் போகிறாள்.

இந்த ஜூனில் ரெனி என்ற மாணவியின் வில்லை, முப்பது காட்ட வேண்டிய இடத்தில் தொள்ளாயிரம் காட்டியது. அவளுடைய வழிகாட்டி தாணுமாலையனுக்குத் தலைகால் புரியவில்லை. எக்ஸ்ரே படத்தில் படிக அமைப்பு சுத்தமாக இருந்தது. அப்படியானால் ஆக்சிஜன் கூட்டுக்குள் இருக்கும் டைட்டானியம் அணு நடுவிலிருந்து நகர்ந்திருக்கிறது, அதனால்தான் இவ்வளவு மின்னூட்டம் பிடிக்கிறது என்று பலகை நிறைய வரைந்து தள்ளினார். எல்லோருக்கும் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி வாங்கிக் கொடுத்தார். திங்கட்கிழமை கட்டுரை போகும் என்றார்.

சுசீலாபாய் தன் பழம்பொரியைக் காகிதத்தில் சுருட்டிப் பையில் வைத்தாள். அணு எங்கேயும் போகவில்லை, போனது தான்தான் என்று அவளுக்குத் தெரியும். அந்த வில்லையை ஆயிரத்து முந்நூற்றைம்பது டிகிரியில் நாலு மணி நேரம் சுட வேண்டும். உலையைப் போட்டுவிட்டு அயிலை வாங்கச் சந்தைக்குப் போனாள். திரும்பி வந்தால், நடுவில் கரண்ட் போய் வந்திருக்கிறது. ஆயிரத்து நூறோடு உலை நின்றுபோனதைத் திரை காட்டியது. மறுபடி சுட்டிருக்கலாம். பையில் மீன் நாறத் தொடங்கியிருந்தது, பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. பதிவேட்டில் 1350 என்று எழுதிவிட்டுப் போய்விட்டாள்.

அரைவேக்காட்டு வில்லை முழுக்கத் துளை. திருவனந்தபுரத்து மழைக்காற்றில் ரஸ்க்கே நமத்துப்போகும். இது ஈரத்தைக் குடிக்காமல் விடுமா? ஈரம் ஏறினால் எண்ணும் ஏறும்.

சொன்னால் வேலை போகும். இந்த வருஷம் கையெழுத்துப் போடுகிறவரே தாணுமாலையன். சொல்லாவிட்டால் ரெனியின் நாலு வருஷம் பொய்யில் நிற்கும். வில்லையை வாங்கும்போது நன்றி சொல்லுகிற ஒரே மாணவி அவள். சுசீலாபாய்க்குப் பயமாக இருந்தது, அதைவிட வெட்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சபையில் பிரசங்கம் காதில் ஏறவே இல்லை.

திங்கள் காலை வில்லையை உலர்த்தும் அடுப்பில் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்து, சூடு ஆறுமுன் ரெனியை அளக்கச் சொன்னாள். இருபத்திரண்டு. ரெனியின் முகம் செத்துப்போயிற்று. அவளையும் அழைத்துக்கொண்டு தாணுமாலையனின் அறைக்குள் நுழைந்தாள்.

“அணு ஒண்ணும் அசையல்ல சாரே. வில்லை மழ ஈரத்தக் குடிச்சிருக்கு. சுடும்போ கரண்டு போச்சு, நான் மீனு வாங்கப் போயிருந்தேன். புக்குல எழுதினது பொய்யாக்கும்.”

தாணுமாலையன் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபத்திரண்டு எங்கே, தொள்ளாயிரம் எங்கே என்று முணுமுணுத்தார். பிறகு அவர் முகத்தில் பழம்பொரிக் களை மெல்லத் திரும்பியது. ஈரத்துக்கு நாற்பது மடங்கு ஏறுகிற வில்லையை வைத்துக் காற்றின் ஈரத்தையே அளக்கலாமே என்றார். பலகையை அழித்தார், டைட்டானியம் பேசாமல் பழைய இடத்துக்குப் போனது. ரெனியிடம் புதுத் தலைப்பைச் சொன்னார். சுடும் வெப்பநிலை ஆயிரத்து நூறு, ஆராய்ந்து தேர்ந்தெடுத்தது என்று எழுதச் சொன்னார். பிறகு ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

“இதே மாதிரி இன்னும் பத்தெண்ணம் வேணும் சுசீலா. அன்னைக்கு என்ன செஞ்சீங்களோ, அப்படியே செய்யுங்க.”

சுசீலாபாய் பதிவேட்டைத் திறந்து 1350ஐ அடித்து 1100 என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டாள். பிறகு பையை எடுத்துக்கொண்டாள்.

“அப்போ நான் சந்தைக்குப் போய்ட்டு வாறேன் சாரே.”