ஹெல்மெட்டின் நிழல்

சிங்கப்பூரின் ஜாலான் புசாரில் ஒரு கட்டுமானத் தளம். பத்திரிகைக்காக, தமிழ்நாட்டிலிருந்து வந்த கம்பி கட்டும் தொழிலாளி ஒருவரைப் படம் எடுக்கப் போயிருந்தேன். உச்சி வெயிலில் ஹெல்மெட்டின் நிழல் அவர் கண்களைக் கறுப்பாக மூடியது. பையிலிருந்த ஃபிளாஷை அடித்தால் அந்த நிழல் போய்விடும். அதை எடுத்து மாட்டச் சோம்பல்பட்டேன்.

"ஹெல்மெட்டைக் கொஞ்சம் கழட்டுங்கண்ணே, பத்து செகண்டுதான்."

"பார்த்தா திட்டுவாங்க சார்."

"நான் சொல்லிக்கிறேன்."

கழற்றினார். நான் எடுத்து முடிப்பதற்குள் பாதுகாப்பு மேற்பார்வையாளர் அவரைத் தன் கைபேசியில் படம் பிடித்துவிட்டார். "ரெண்டாவது தடவைலா. இன்னிக்கு வேலை கிடையாது, டோர்மிட்டரிக்குப் போ."

"நான்தான் கழட்டச் சொன்னேன்," என்றேன்.

"நீங்க கெஸ்ட் சார்," என்று சிரித்தார்.

கேமராவில் கண் வைப்பதற்காக நானும் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்திருந்தேன். என்னை யாரும் படம் பிடிக்கவில்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எரிகிறது. என்னை நினைத்தால் அதைவிட எரிகிறது.

போகும்முன் தொழிலாளி கேட்டார். "படமாவது நல்லா வந்துச்சா சார்?"

திரையைப் பார்த்தேன். வெயிலில் கூசி, எல்லாப் படத்திலும் கண்களை இறுக மூடியிருந்தார்.

"நல்லா வந்திருக்குண்ணே," என்றேன்.