வெயிலில் திறந்த கேமரா

திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் இயற்கையல்லாத முறையில் இறந்தால், வருவாய்க் கோட்டாட்சியர் விசாரிக்க வேண்டும் என்பது விதி. சாட்சியை உட்காரவைக்க வேண்டும். சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். விருப்ப ஓய்வு பெறும்வரை கோட்டாட்சியராக நான் இதைப் பலமுறை செய்திருக்கிறேன். அதற்கெல்லாம் முன்பு, எண்பதுகளில், எதிர் நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்தும் இருக்கிறேன். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. கால் தரையைத் தொடவில்லை.

ஆவடியில், தொழிற்சாலைக் குடியிருப்பில் எங்கள் வீடு. அப்பாவுக்கு எக்ஸ்ரே பிரிவில் வேலை. பற்றவைத்த இரும்புக்குள் விரிசல் இருக்கிறதா என்று படம் எடுத்து, கழுவி, பார்த்துச் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே என்றால் எலும்பு என்று எண்ணிய அண்டை வீட்டார் மூட்டுவலிக்கு அவரிடம் யோசனை கேட்டார்கள். நானும் அவர்கள் கட்சிதான். இரும்புக்கும் எலும்பு உண்டு என்று நம்பியிருந்தேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பாவும் அவர் மனைவியும் எங்களோடு இருந்தார்கள். குடியிருப்பு விதிப்படி அவர்கள் விருந்தாளிகள். விருந்தாளிகள் ஆண்டுக்கணக்கில் தங்குவது பற்றி விதியில் ஒன்றும் இல்லாததால் யாரும் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இரவில் கேட்ட சத்தங்களைப் பற்றியும் விதியில் ஒன்றும் இல்லை. அப்பா வானொலியைச் சற்றுக் கூட்டி வைப்பார்.

சித்தி கொரட்டூர்க்காரி. அந்தத் தீபாவளிக்கு அவளுடைய அண்ணன், எனக்கு மாமா முறை, ஒரு கேமரா வாங்கிவந்தார். சிவப்புப் பிளாஸ்டிக், பொம்மைக் கடையில் பந்துகளோடு தொங்கும் ரகம். ஆனால் உள்ளே உண்மையான ஃபிலிம் போடலாம், ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். லென்ஸுக்கு மேலே ஒரு சூரியனும் ஒரு மேகமும் வரைந்திருக்கும். பின்புறச் சிவப்புக் கண்ணாடி வழியே எண் தெரியும். மிகக் கிட்டத்தில் எதை எடுத்தாலும் கலங்கிவிடும் என்று மாமா சொல்லிக்கொடுத்திருந்தார். ரயில்வே கேட், பக்கத்து வீட்டு நாய், வாய் திறந்து தூங்கும் அப்பா என்று ஒன்பது படங்களை நான் தீர்த்துவிட்டிருந்தேன்.

ஒருநாள் பகலில் சித்தி என்னைக் கொல்லைப்புறம் கூப்பிட்டாள்.

"கண்ணு, இன்னும் எத்தினி பாக்கி கீது?"

"மூணு."

"மூணயும் எனக்கே எடு."

தலை வாரவில்லை, பூ வைக்கவில்லை. பவுடர் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். அவள் சிரித்தாள், உதடு ஒரு பக்கம் வீங்கியிருந்ததால் சிரிப்பு மறுபக்கம் மட்டும் போயிற்று.

"பவுடர் போட்டா மறஞ்சிடும்டி. இந்தா, கழுத்த எடு. கிட்ட வா."

"கிட்ட வந்தா கலங்கிடும், சித்தி."

"கலங்குனாலும் கலங்கட்டும். எடு."

ஒன்று கழுத்து, ஒன்று முகம், ஒன்று கையின் உட்புறம். கையைப் போய் யாராவது படம் எடுப்பார்களா என்று எனக்கு எரிச்சல். சமையலறை ஜன்னலில் நின்ற அம்மா எங்களைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

"என் அண்ணன் வந்தா அவன்கிட்டயே குடு. அவன் கழுவிக்கினு வருவான்" என்றாள் சித்தி.

அந்த வாரமே அவள் எரிந்துபோனாள். ஸ்டவ் வெடித்தது என்று சித்தப்பா சொன்னார். எல்லோரும் அதையே சொன்னார்கள். வெடித்த அந்த ஸ்டவ் அதற்குப் பிறகும் எங்கள் வீட்டில் ஒழுங்காக எரிந்தது.

மாமா வந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். பிறகு என்னிடம் குனிந்தார். "கண்ணு, கேமரா எங்க? அதுல எல்லாம் கீதுன்னு சொன்னாடி உங்க சித்தி."

"பிணம் கிடக்கிற வீட்ல கேமரா எதுக்குங்க? காலையில வாங்க, தரேன்" என்றார் அப்பா.

காலையில், மாமா வருவதற்கு முன், அப்பா அலமாரி மேலிருந்த கேமராவை எடுத்தார். என்னென்ன எடுத்தாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கொல்லைக்குப் போனார். நல்ல வெயில்.

"விழுந்திருக்கா பாப்போம்" என்று சொல்லி, பின்மூடியைத் திறந்து, காகிதத்தைப் பிரித்து, சுருளை ஒரு முழம், இரண்டு முழம் என்று முழுக்க இழுத்து வெயிலில் பிடித்தார்.

"ஐயோ அப்பா! வெளிச்சம் படக்கூடாது!"

"அப்படியா? எனக்குத் தெரியாதேம்மா" என்றார். ஆனாலும் பிடித்த கையை இறக்கவில்லை. பால்நிறத்தில் சுருண்ட அந்த ஃபிலிமில் நாயும் இல்லை, ரயில்வே கேட்டும் இல்லை, சித்தியும் இல்லை. அழுதேன். அப்பா என் தலையைத் தடவினார். தவறு செய்துவிட்ட வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

விசாரணை நாளில் மாமா கோட்டாட்சியர் முன்னால் கத்தினார். "ஐயா, இந்தாளு வேலையே ஃபிலிம் கழுவுறதுதாங்க! எக்ஸ்ரேல கீறவருக்கா தெரியாது? தம்பிய காப்பாத்திக்கினாரு!"

கோட்டாட்சியர் என்னைப் பார்த்தார். "அப்பா வேணும்னே திறந்தாராம்மா?"

அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பாவமாக இருந்தது. "இல்ல சார். அவருக்குக் கேமரா பத்தி ஒண்ணுமே தெரியாது. எக்ஸ்ரே எலும்பு பாக்கறது, கேமரா வேற" என்றேன். மாமா பக்கம் திரும்பி அவருக்கும் விளக்கினேன். "நெஜமா மாமா. அவர் சொன்னாரு, தெரியாதுன்னு."

"நீ நல்லா இரு கண்ணு" என்று மட்டும் மாமா சொன்னார். நான் சொன்னதைக் கோட்டாட்சியர் சொன்னபடியே எழுதி, எனக்குப் படித்துக் காட்டினார். நடைமுறையில் ஒரு குறையும் இல்லை. விபத்து என்று முடிந்தது. அடுத்த ஆண்டு சித்தப்பாவுக்கு வேறு பெண் பார்த்தார்கள். மாமா எங்கள் வீட்டுப் பக்கம் பிறகு வரவேயில்லை.

விசாரணை முடிந்த கையோடு அப்பா எனக்குப் புது ஃபிலிம் வாங்கிவந்தார். நானாகக் கேட்கவில்லை. கூடத்து ஜன்னல்களைச் சாத்தினார். கதவிடுக்கில் துணி திணித்தார். கேமராவையும் சுருளையும் போர்வைக்குள் வைத்து, தன் இரு கைகளையும் உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டார். போர்வைக்குள் அவர் விரல்கள் தட்டுத்தடுமாறாமல் ஓடின. ஒரு சின்னச் சத்தம், மூடி சாத்தும் ஒலி, அவ்வளவுதான். வெளியே எடுத்தபோது சிவப்புக் கண்ணாடியில் ஒன்று என்ற எண் சரியாக வந்து நின்றிருந்தது.

பாவம் அப்பா, ஒரு தடவை தப்பு செய்ததும் எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டுவிட்டார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.