ஞாயிறுதோறும் கல்யாணம் நடந்த வீடு

வெண்ணெயில் வெங்காயம் வதங்குகிற வாசம்... அதுதான் என்னை அந்தக் கேற்றடியில் நிறுத்தியது.

ஜெர்மனியின் தென்மேற்கில், பார்க்கும் இடமெல்லாம் திராட்சைத் தோட்டமாகக் கிடக்கும் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். கனடாவுக்கு வருவதற்கு முன் அங்கே ஒன்றரை வருஷம் அகதியாக இருந்தேன். ஆறு நாளும் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவுகிற வேலை. ஞாயிறு லீவு.

லீவு என்றால் சந்தோஷம் என்று நினைப்பீர்கள். எனக்கு ஞாயிறைக் கண்டாலே பயம். அகதிக் காம்பில் என் அறையில் இருந்த இரண்டு பேரோடும் பேசப் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. வேலையிடத்திலாவது "கெதியா, கெதியா" என்று ஜெர்மனில் யாராவது கத்துவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதுவும் இல்லை. என் பெயரை இன்னொருவர் வாயால் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது.

அதனால் நடப்பேன்... தோட்டங்களுக்கு நடுவே, கால் வலிக்கும் வரைக்கும்.

அப்படி நடக்கும்போதுதான் அந்த வீடு. பெரிய மரக் கேற்றுக்கு மேலே பச்சைக் கொப்புகளைச் சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே முற்றத்தில் நீட்டு மேசைகள், இருக்க வாங்குகள், நிறையச் சனம், ஒரே சிரிப்பு. எனக்கு உடனே விளங்கிவிட்டது. கல்யாண வீடு! நாங்கள் மாவிலை கட்டுவோம், இவர்கள் வேறு ஏதோ இலை கட்டியிருக்கிறார்கள். அழைப்பில்லாமல் ஒரு கல்யாண வீட்டுக்குள் எப்படிப் போவது? வாசத்தை மட்டும் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிறும் அதே வீட்டில் கல்யாணம்.

அதற்கடுத்த ஞாயிறும்!

இந்த வீட்டில் எத்தனை பெட்டையள் இருக்கிறார்கள் என்று யோசித்தபடி நின்றபோது, தட்டுகளோடு போன ஒரு பெண் என்னைக் கண்டு கையாட்டிக் கூப்பிட்டார். ஹில்டா. அந்த வீட்டுக்காரி.

என் அரைகுறை ஜெர்மனில் கேட்டேன். "ஆருக்குக் கல்யாணம்?"

தட்டுகள் கிலுகிலுக்கச் சிரித்தார். "ஒருத்தருக்கும் இல்லை. வைன் குடிக்க வா."

பிறகுதான் தெரிந்தது. அந்தப் பக்கத்தில் வைன் செய்கிற குடும்பங்கள் வருஷத்தில் சில மாதங்கள் தங்கள் முற்றத்தையே கடையாகத் திறந்து வைப்பார்களாம். கேற்றில் கொப்பு தொங்கினால் யாரும் உள்ளே வரலாம். நான் மூன்று கிழமையாக அந்த அழைப்புக்குக் கீழேதான் நின்றிருக்கிறேன்.

ஒரு வாங்கிலும் இடமில்லை. திரும்பலாம் என்று நினைத்தேன். ஒரு வாங்கில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தாமலே, ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளி அரக்கினார்கள். என் அளவுக்கு ஒரு இடம் வந்தது.

அடுத்ததாக அந்தக் கிளாஸ் வந்தது. அரை லீட்டர் கொள்ளும். சோடாத் தண்ணீர் கலந்த வைன். ஒரே கிளாஸ்தான், மேசை முழுக்கச் சுற்றும். ஆளாளுக்கு ஒரு மிடறு.

என் கைக்கு வந்தது. வாய் வைத்தால் எச்சில் படும். எனக்குப் பிறகு குடிக்கிற மனுசன் என்ன நினைப்பார்? வீட்டில் பழக்கியபடி அண்ணாந்து, உதடு படாமல் உயரத்தில் பிடித்து ஊற்றினேன்.

செம்புத் தண்ணீர் சொன்ன சொல் கேட்கும். நுரைக்கிற வைன் கேட்குமா? பாதி மூக்குக்குள், மீதி போட்டிருந்த சேட்டில்.

முழு மேசையும் என்னையே பார்த்தது. கிடைத்த இடமும் போச்சு என்று நினைத்தேன்.

பக்கத்தில் இருந்த யோசெஃப், அந்த ஊர்த் தபால்காரர், கிளாஸை வாங்கினார். என்னை ஒருக்கால் பார்த்தார். தானும் அண்ணாந்து ஊற்றினார். காதெல்லாம் வைன்! அடுத்தவர் வாங்கினார்... அவருக்கு அடுத்த மனுசி... கிளாஸ் சுற்றி முடிய முழு மேசையும் நனைந்திருந்தது. என் பெயரைக் கேட்டார்கள். "நேசன்" என்றேன். எட்டுப் பேரும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தார்கள். காம்புக்குத் திரும்பும் வழியில் நானும் அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.

அந்த சீசன் முடியும் வரை ஒரு ஞாயிறும் தவறவிடவில்லை.

குளிர் தொடங்கக் கொப்பை இறக்கினார்கள். அந்த மாரியிலேயே எனக்குக் கனடா போகிற அலுவல் சரிவந்தது. போவதற்கு முதல் நாள் சொல்லிவிட்டுப் போகலாம் என்று அந்தக் கேற்றடிக்குப் போனேன். மேலே கொப்பு இல்லை. தட்டக் கூச்சமாக இருந்தது... திரும்பிவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ரொறன்ரோ வந்த புதிதில் பார்க்டேலில் ஒரு அறையில் ஐந்து பேர் இருந்தோம். இப்போது அதே ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட் பக்கம் இரண்டு அறை, நான் ஒருவன். மனைவி காலமாகி மூன்று வருஷம். மகன் வன்கூவரில் இருந்து போன் எடுத்தால் ஒரே பாட்டுத்தான். "அப்பா, வெளியில போங்கோ. யூ நீட் டு மீட் பீப்பிள்."

போன சனிக்கிழமை போனேன். வீட்டுக்குக் கிட்ட ஒரு கடை, கோடைக்கு நடைபாதையில் மேசை போட்டிருக்கிறார்கள். "ஜஸ்ட் வன்?" என்று கேட்ட பிள்ளை, இரண்டு கதிரை போட்ட சின்ன மேசையைக் காட்டினாள். ஒரு வைன் எடுத்தேன். சுற்றிவரச் சனம்தான், ஆனால் ஒவ்வொரு மேசையும் தனித் தீவு.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெடியன் வந்து எனக்கு முன்னால் இருந்த கதிரையில் கை வைத்துச் சிரித்தான். எனக்கு ஒரே சந்தோஷம். கிளாஸை என் பக்கம் இழுத்து, தட்டை ஒதுக்கி, அவனுக்கு இடம் விட்டேன்.

"கேன் வீ டேக் திஸ்?"

கதிரையைத் தூக்கிக்கொண்டு தன் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தான். நல்ல பெடியன்தான், தேங்க்யூவும் சொன்னான். ஒதுக்கிய தட்டைத் திரும்ப நடுவில் வைக்க மனம் வரவில்லை.

வாற சனிக்கிழமையும் பின்னேரம் நாலு மணிக்கு அங்கே இருப்பேன். இதை வாசிக்கிற ஆராவது அந்தப் பக்கம் வந்தால் வாங்கோ. தெரிந்தவராக இருக்கவேண்டும் என்றில்லை.

இந்த முறை கதிரையைக் கொடுக்கமாட்டேன்.