பித்தளைக் காது

லியோனா டெட்மர் எந்தப் பொருளை வாழ்நாள் முழுவதும் வெறுத்தாளோ அதையே தேடித் தேடிச் சேர்த்தாள். அவளுடைய வீட்டு முன்னறையில் கண்ணாடி அலமாரி நிறைய மேஜர் ஆன்வில் சாமான்கள்: உறுப்பினர் பேட்ஜ்கள், காகிதத் தொப்பிகள், ரகசிய எழுத்துச் சக்கரங்கள், மேஜர் கையெழுத்திட்டதாக அச்சடித்த புகைப்படங்கள். பார்க்க வருகிறவர்கள், சின்ன வயதில் இந்தப் படக்கதை மேல் எவ்வளவு ஆசை வைத்திருந்தால் இவ்வளவு சேர்த்திருப்பாள் என்று உருகுவார்கள். அவள் மறுத்துப் பேசியதில்லை. ஆசை என்று நினைத்தால்தான் அவர்கள் தங்கள் பெட்டிகளைத் திறந்து காட்டுவார்கள்.

போர்க்காலத்தில் அமெரிக்கப் பிள்ளைகளை ஆட்டிவைத்த படக்கதை வீரர்களில் மேஜர் ஆன்வில் ஒருவர். பெயருக்கேற்ப மார்பில் பட்டறைக்கல் பொறித்த சட்டை, கையில் சம்மட்டி. மாதாமாதம் ஒரு ஜெர்மானியனையோ ஜப்பானியனையோ அந்தக் கல்லில் வைத்து நசுக்குவார். புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக் கூப்பனை வெட்டி, காசோடு உறையில் போட்டு அனுப்பினால் ஆன்வில் படையில் சேரலாம். பேட்ஜ் வரும். உலோகமெல்லாம் பீரங்கிக்குப் போய்விட்டதால் அது அட்டையில் செய்த பேட்ஜ். கூடவே ஓர் உறுதிமொழி: "என் தெருவில் எதிரியின் நிழல் விழ விடமாட்டேன். நான் என் நாட்டின் காது."

காதாக இருந்து காட்டிய பிள்ளைக்குத் தனிப் பரிசு உண்டு. தெருவில் சந்தேகப்படும்படி யாராவது இருந்து, அவரைப் பற்றிப் போலீசில் சொல்லி, போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனதாக ஊர்ப் பத்திரிகையில் செய்தியும் வந்துவிட்டால், அந்தத் துண்டை வெட்டி அனுப்ப வேண்டும். நிறுவனம் பித்தளையில் ஒரு பேட்ஜ் அனுப்பும். பட்டறைக்கல் மேல் ஒரு மனிதக் காது. நாட்டில் சமையல் பாத்திரத்துக்குக்கூட உலோகம் கிடைக்காத காலத்தில், காட்டிக்கொடுத்த பிள்ளைக்கு மட்டும் பித்தளை. ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுச் சன்னலில் காது வைக்கப் பழக்கி, அதைத் தேசபக்தி என்று விற்ற முதலாளிகள் போர் முடிந்ததும் கௌபாய் கதை போடப் போய்விட்டார்கள். அவர்களை யாரும் எந்த முகாமிலும் அடைக்கவில்லை.

லியோனாவும் ஆன்வில் படையில் இருந்தவள்தான். மொனங்காஹீலா ஆற்றங்கரையில், எஃகு ஆலைப் புகைக்கு அடியில் கிடந்த ஊர் அது. அவளுடைய அப்பா எமில் டெட்மர் ரொட்டி சுடுகிறவர். ஜெர்மனியிலிருந்து வந்து இருபது வருஷமாகியும் குடியுரிமைத் தாளுக்கு எழுதிப்போட நேரமில்லாமல் அடுப்படியிலேயே கிடந்தவர். சீமைச் சோம்பு போட்ட அவருடைய கறுப்பு ரொட்டிக்காகப் போலந்துக்காரர்களும் ஸ்லோவாக்கியர்களும் மூன்று தெரு தள்ளி இருந்தெல்லாம் சொல்லி அனுப்புவார்கள்.

விடியுமுன் தள்ளுவண்டியில் ரொட்டி கொண்டு போய்ப் பின்வாசல்களில் வைத்துவிட்டு வருவது எமிலின் வழக்கம். எந்த வீட்டுக்கு என்ன என்பதைக் கொல்லை வேலிக்கதவின் நிலைக்காலில் சுண்ணக்கட்டியால் தனக்காகக் குறித்துவைப்பார். கோடு என்றால் வெள்ளை ரொட்டி. வட்டம் என்றால் கறுப்பு ரொட்டி. அம்பு என்றால் கொல்லையில் நாய் அவிழ்ந்து கிடக்கிறது, அம்பு காட்டும் பக்கமாகச் சுற்றிப் போய் முன்வாசலில் வை என்று அர்த்தம். அந்தத் தெருவில் எல்லா வீடும் ஆற்றுக்கு முதுகு காட்டி ஆலையைப் பார்த்து நிற்கிறவை. அதனால் எல்லா அம்புகளும் ஆலையைக் காட்டின.

அவ்வளவுதான் எமில் செய்த குற்றம். யாரோ ஒரு பிள்ளை அந்தக் குறிகளைப் பார்த்தது. வானத்தில் வரப்போகும் ஜெர்மன் விமானங்களுக்கு ஆலை எங்கே என்று வழி காட்டுகிறார்கள் என்று போலீசில் சொன்னது. ஜெர்மனியிலிருந்து கிளம்பி அட்லாண்டிக்கைத் தாண்டி அந்த ஊர்வரை வரக்கூடிய விமானம் அன்றைக்கு உலகத்தில் கிடையாது. வந்தாலும், நிலைக்காலில் விரல் நீளத்துக்குப் போட்ட சுண்ணக்கோடு மேகத்துக்கு மேலிருந்து எப்படித் தெரியும் என்று ஒரே ஒரு பெரியவர் கேட்டிருந்தால் போதும். யாரும் கேட்கவில்லை. அரசாங்க ஆட்கள் இரண்டு பேர் வந்து, மாவு படிந்த கையோடு எமிலைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

மூன்று பேர் உட்கார்ந்து விசாரித்தார்கள். வக்கீல் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. அம்புக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். "நாய்" என்றார் எமில். மூவரும் சிரித்தார்கள் என்று, வாசலில் காத்திருந்த அம்மா ஹெட்விக் பிற்பாடு சொல்வாள். வடக்கே, எதிரி நாட்டுக்காரர்களை அடைத்துவைக்கும், பனி கொட்டும் ஒரு முகாமுக்கு அவரை அனுப்பினார்கள். இரண்டாவது குளிர்காலத்தில் நுரையீரலில் சளி கட்டி அங்கேயே செத்தார். குற்றம் என்று எதையும் எவரும் கடைசிவரை நிரூபிக்கவில்லை. நிரூபிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

எமிலைப் பிடித்துப் போன வாரமே பள்ளிக்கூட மைதானத்தில் ஆன்வில் படை கூடியது. முட்டைக்கோசுக்காரிக்குப் படையில் என்ன வேலை என்று லியோனாவின் சட்டையிலிருந்து அட்டைப் பேட்ஜைப் பிய்த்து இரண்டாகக் கிழித்தார்கள். ஜெர்மன்காரர்களுக்கு அந்த ஊர் வைத்திருந்த பெயர் முட்டைக்கோசு. எல்லோரும் போன பிறகு பக்கத்து வீட்டு வெண்டல் ப்ரூவிட் மட்டும் திரும்பி வந்தான். கிழிந்த இரண்டு துண்டுகளையும் பொறுக்கி அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அந்த ஊரில் ஒரு நல்லவன் இருந்தான் என்று பல வருஷம் அவள் நம்பியது அந்த ஒரு காரியத்தை வைத்துத்தான்.

ரொட்டி அடுப்பு அணைந்தது. அம்மா ஆஸ்பத்திரித் துணி வெளுக்கப் போனாள். லியோனா வளர்ந்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவைக் காட்டிக்கொடுத்தது யார் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கேட்டபோதெல்லாம், அதை வெளியிடுவதற்கில்லை என்று ஒரே பதில்தான் வந்தது. அவளுக்கு நாற்பது வயதாகும்போது, சின்ன வயதுக் குப்பைகளை விலை கொடுத்து வாங்கும் பழக்கம் நாடு முழுக்கப் பரவியது. அப்போதுதான், புத்தகத்தில் படித்த பித்தளைக் காதை நிஜமாகவே பிள்ளைகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது. அப்படியானால் தன் தெருவுக்கும் ஒரு காது வந்திருக்கும். அதை வைத்திருப்பவன்தான் ஆள்.

அன்றிலிருந்து அவள் சேகரிப்பாளர் ஆனாள். அவளுக்கு வேண்டியது பேட்ஜ் அல்ல. அதை வைத்திருப்பவன் நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து, எமில் டெட்மர் உளவாளி இல்லை, ரொட்டிக்காரர் என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். அவ்வளவு போதும்.

பேட்ஜ் சந்தைகளில் ஒரு வழக்கம் உண்டு. சாமானைப் புரட்டிப் பார்த்ததும் முதலில் "கதை இருக்கா?" என்று கேட்பார்கள். யாருடையது, எப்படி வந்தது என்று சொல்ல ஆள் இருந்தால் அது கதையுள்ள சாமான். அந்தப் பக்கத்தில் ஏலம் நடத்துகிற ரோக்கோ ஸபடீனோ இதில் இன்னும் ஒரு படி மேலே போனவன். விற்கிறவரே மைக்கைப் பிடித்துக் கதை சொல்ல வேண்டும். கூட்டத்தில் விஷயம் தெரிந்தவர் யாராவது இருந்தால் எழுந்து நின்று சாட்சி சொல்லலாம். சாட்சியுள்ள கதைக்கு மவுசே தனி.

1979 வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தீயணைப்பு நிலைய மண்டபத்தில் ரோக்கோவின் ஏலம். சாசேஜ் வதங்கும் வாடை மண்டபம் முழுக்க. லியோனா உள்ளே நுழைந்ததும் ரோக்கோ கையாட்டினான்.

"வாங்க ஆன்வில் மகாராணி. இன்னிக்கு உங்க பர்ஸைக் காலி பண்ணப் போறேன். ஒரு காது வந்திருக்கு. அதுவும் உங்க ஊர்க் காது."

மேடைக்குப் பக்கத்தில், இருமல் மிட்டாய் டப்பா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, வழுக்கைத் தலையோடு உட்கார்ந்திருந்தான் வெண்டல் ப்ரூவிட். மனைவி செத்த பிறகு வீட்டை விற்றுவிட்டு ஃபுளோரிடாவுக்குக் குடிபோகிறானாம். அவளை அவனுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. மறைக்கவும் இல்லை, கூசவும் இல்லை. பழைய பள்ளித்தோழியைப் பார்த்த சந்தோஷம்தான் முகத்தில் இருந்தது. டப்பாவைத் திறந்து காட்டினான். காது பளபளவென்று இருந்தது.

லியோனா அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீயா, வெண்டல்?"

"வேற யாரு? தினம் விடியறதுக்கு முன்னாடி எழுந்து உங்கப்பா பின்னாடியே போய் ஒவ்வொரு கோடா பார்த்தவன் நான்தான். பத்து வயசுல அந்தத் தெருவுல எனக்கிருந்த மூளை எவனுக்கும் கிடையாது."

"அன்னிக்கு என் பேட்ஜைப் பொறுக்கிக் குடுத்தியே."

"பாவமா இருந்துச்சு. உன் மேல எனக்கு என்ன கோபம்?"

அவள் தாழ்ந்த குரலில், ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள்: கோடு எது, வட்டம் எது, அம்பு எது. அப்பா எங்கே, எப்படிச் செத்தார் என்பதையும் சொன்னாள். வெண்டல் தலையாட்டிக் கேட்டான். நாய் என்றதும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் காலத்துத் தங்கள் வீட்டு நாயை நினைத்துக்கொண்டானாம். தனக்கும் பெரியவனான பிறகு அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியதாகச் சொன்னான். அப்படியானால் மேடையில் அதைச் சொல் என்றாள் அவள். என்ன விலை வந்தாலும் அதற்கு மேல் போட்டு நானே வாங்கிக்கொள்கிறேன், உண்மையை மட்டும் சொல்லிவிட்டு விற்றுவிடு என்றாள்.

வெண்டல் அவள் முழங்கையைத் தட்டிக்கொடுத்தான். "ரொட்டின்னு சொன்னா யாரு வாங்குவா, லியோனா?"

ரோக்கோ அவன் பெயரைக் கூப்பிட்டான். வெண்டல் மேடையேறி அழகாகக் கதை சொன்னான். அவன் வாயில் சுண்ணக்குறிகள் நாஜி ரகசிய எழுத்தாயின, தள்ளுவண்டியில் ரேடியோ முளைத்தது, ரொட்டிக்காரர் கைதாகும்போது ஜெர்மன் மொழியில் சபித்தார். எமில் கைதானபோது, அடுப்பில் ரொட்டி இருக்கிறது, எடுத்துவிடு என்று மனைவியிடம் சொன்னது மட்டும்தான் நடந்தது. கூட்டம் கைதட்டியது. ரோக்கோ வழக்கப்படி, சாட்சி உண்டா என்று கேட்டான்.

லியோனா எழுந்தாள். அந்த ரொட்டிக்காரர் என் அப்பா என்று ஆரம்பித்தாள். எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த குரல், ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசைவரை கேட்டது. குறிகளின் அர்த்தம், விசாரணை, முகாம், சாவு எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் வெண்டலைப் பார்த்து, அவர் உளவாளி இல்லை என்று இவனுக்கும் தெரியும் என்று முடித்தாள்.

ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். சரி, கேட்டார்கள் என்று நினைத்தாள் லியோனா. முப்பத்தேழு வருஷத்தில் முதல்முறையாக யாரோ கேட்டார்கள்.

ரோக்கோ மைக்கை எடுத்தான். மெதுவாக, மரியாதையாகத்தான் பேசினான்.

"கேட்டீங்களா? பிடிபட்டவரோட சொந்த மகளே எழுந்து நின்னு சொல்றாங்க. ஆளு நிஜம், தெரு நிஜம், கைது நிஜம், முகாம் நிஜம். முகாம்லயே செத்திருக்காரு. இதுக்கு மேல ஒரு காதுக்கு என்னய்யா கதை வேணும்?"

கைகள் உயர்ந்தன. லியோனாவும் உயர்த்தினாள். அவள் சேமிப்பு முழுவதையும் தாண்டி விலை போன பிறகும் மூன்று பேர் விடாமல் போட்டியிட்டார்கள். வாங்கியவர் பிட்ஸ்பர்க்கில் பல் டாக்டர். நேராக அவளிடம் வந்து, அப்பாவுக்காக வருத்தம் தெரிவித்தார். பிறகு, பேட்ஜைப் பிடித்தபடி ஒரு போட்டோவுக்கு நிற்க முடியுமா என்று கேட்டார். அவள் முடியாது என்றாள். பரவாயில்லை, சாட்சி சொன்னதே போதும் என்றார். வெண்டல் வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"நீ பேசலைன்னா இதுல பாதிகூட வந்திருக்காது. சாப்பிட வா, நான் வாங்கித் தரேன்."

அடுத்த சில வருஷங்களில் அந்தக் காது இரண்டு தடவை கைமாறியது. ஏலம் என்று தெரிந்ததும் லியோனா பஸ் பிடித்துப் போனாள். இரண்டாவது தடவை, அவள் வருவாள் என்றே ரோக்கோ நோட்டீஸ் அடித்திருந்தான்: உளவாளியின் மகள் நேரில். முன்வரிசையில் அவளுக்கு நாற்காலி போட்டு, காப்பியும் கொடுத்தான். போகாதே, நீ போகப்போகத்தான் அதற்கு விலை ஏறுகிறது என்று எக்ஸ்சேஞ்ச் தோழி ஒருத்தி சொல்லிப் பார்த்தாள். லியோனாவுக்கு அது தெரியாமலில்லை. அவள் சும்மா இருந்தால் எமில் டெட்மர் ஓர் உளவாளி. வாயைத் திறந்தால் விலை கூடிய உளவாளி. இரண்டில் எதைப் பொறுத்துக்கொள்வது என்பதை அந்தச் சந்தை அவள் கையில் விட்டிருந்தது.

அன்று மேடையில், பல் டாக்டரிடமிருந்து காதை வாங்கியவர் கதை சொல்லிக்கொண்டிருந்தார். தள்ளுவண்டி ரேடியோவோடு இப்போது ஒரு துப்பாக்கியும் சேர்ந்திருந்தது. அவர் முடித்ததும் ரோக்கோ மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, சாட்சி உண்டா என்றான். எல்லாத் தலையும் முன்வரிசைப் பக்கம் திரும்பியது. லியோனா காப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"எங்கப்பா ரொட்டி சுட்டவரு" என்று தொடங்கினாள்.

அவள் அடுத்த சொல்லுக்குப் போகுமுன்பே பின்வரிசையில் விலை கேட்டு ஒரு கை உயர்ந்தது.